தொண்ணூறும் எண்ணூறும்: ஜெர்மானிய வெள்ளிமுலாம் கரண்டிகளின் முத்திரைகளைப் படித்தறிதல்

முன்னுரை

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில் அமைந்துள்ள பட்டர்வொர்த், துறைமுகம், இருப்புப்பாதை, வெள்ளீய உருக்காலை, வான்படைத் தளம் ஆகிய நான்கினாலும் உருப்பெற்ற நகரமாகும். இந்நான்கிலும் தமிழர் உழைத்துள்ளனர். அதிகாரிகளின் இல்லங்களிலும் மன்றங்களிலும் உணவுக்கூடங்களிலும் சமையல், பரிமாறல், துப்புரவுப் பணிகளைச் செய்தவர்களும் அவர்களுள் அடங்குவர். இத்தகைய பின்னணியுடைய இல்லங்கள் சிலவற்றில், குத்துவிளக்கிற்கும் எவர்சில்வர் அடுக்கிற்கும் அருகே, துணி விரித்த மரப்பெட்டி ஒன்று இருப்பதுண்டு. அதனுள் மேனாட்டுக் கரண்டிகளும் முட்கரண்டிகளும் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். அன்பளிப்பாகப் பெற்றதோ ஏலத்தில் எடுத்ததோ பழம்பொருள் சந்தையில் வாங்கியதோ, அப்பெட்டி வீட்டில் 'வெள்ளிப் பெட்டி' என்றே வழங்கும்.

பெற்றோர் மறைந்து பாகம் பிரிக்கும் வேளையில் இப்பெட்டி ஒரு வினாவாக எழுகிறது. இவை வெள்ளியா? கரண்டியின் பின்புறத்தில் '90' என்று காணப்பட்டால், நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி என்று கொள்வோர் உளர். 'ஜெர்மன் சில்வர்தானே' என்று எண்ணி அனைத்தையும் பழைய இரும்புக் கடையில் நிறுத்துப் போடுவோரும் உளர். இவ்விரு முடிவுகளுமே பிழையாக அமையக்கூடும். முன்னவர் இல்லாத செல்வத்தை உண்டெனக் கொண்டு உடன்பிறந்தாரோடு பிணங்குகிறார்; பின்னவர் உள்ள செல்வத்தை இல்லையெனக் கொண்டு இழக்கிறார். பொருளை உரசாமலும் உருக்காமலும், அதன் பின்புறத்தில் உள்ள சிறு முத்திரைகளைக் கொண்டே இவ்வினாவிற்குப் பெரும்பாலும் விடை காண இயலும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்தியவியல் துறையின் ஆய்விதழில் மேனாட்டுக் கரண்டிக்கு என்ன இடம் என்ற ஐயம் எழலாம். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு அகழாய்வு நடத்திய மார்ட்டிமர் வீலர், அவ்விடத்தின் காலத்தைக் கணிப்பதற்கு முதன்மைச் சான்றாகக் கொண்டவற்றுள் இத்தாலி நாட்டு அரெட்டைன் வகை மட்கலங்களும் அடங்கும். அவ்வகைக் கலங்களின் ஓடுகள் சிலவற்றில் செய்தோரின் பெயர் முத்திரையாகப் பதிந்திருந்தது. தமிழகக் கடற்கரைக்கு வந்த மேனாட்டு உணவுக்கலத்தின் முத்திரை, தென்னிந்திய வரலாற்றின் காலக்கணக்கிற்கே உதவியது. கொடுமணலிலும் கீழடியிலும் கிடைத்த பானையோடுகளில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஆட்பெயர்கள் காணப்படுகின்றன. செய்தவன் இட்ட குறி, உடையவன் இட்ட குறி என இரண்டையும் பிரித்துப் படிக்கும் முறையை அத்துறை நமக்குக் கற்றுத் தந்துள்ளது. அதே முறையை நூறாண்டு வயதுள்ள ஒரு கரண்டிக்கும் பொருத்திப் பார்க்கலாம்.

பெயரால் விளையும் மயக்கம்

'வெள்' என்னும் அடி வெண்மையைக் குறிப்பது. அதனின்று பிறந்த 'வெள்ளி' என்னும் சொல் உலோகத்தையும் கோளையும் கிழமையையும் குறிக்கிறது. மலேசியத் தமிழரிடையே அது நாணயத்தையும் குறிக்கும். துருப்பிடிக்காத எஃகு தமிழர் அடுக்களையில் 'எவர்சில்வர்' என்று பெயர் பெற்றுள்ளது. பேச்சு வழக்கில் அது 'சில்வர்' என்றே குறுகிவிடுகிறது. அதில் வெள்ளி சிறிதும் இல்லை. 'வெள்ளீயம்' என்பதிலும் வெள்ளி இல்லை. ஆகவே, நம் வழக்கில் வெள்ளி என்னும் சொல் பலவிடங்களில் நிறத்தைக் குறிக்கிறதேயன்றிப் பொருளைக் குறிப்பதில்லை.

'ஜெர்மன் சில்வர்' என்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே. அது செம்பு, நிக்கல், துத்தநாகம் ஆகிய மூன்றின் கலவையாகும். செம்பு பெரும்பாலும் பாதிக்கு மேற்பட்டிருக்கும். எஞ்சியதை மற்ற இரண்டும் பகிர்ந்துகொள்ளும். வெள்ளி அறவே கிடையாது. இக்கலவையின் மூலமும் ஜெர்மனியன்று. சீனர் நெடுங்காலமாகச் செய்துவந்த 'பாக்தொங்' எனப்படும் வெண்செம்பு, பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிற்கு ஏற்றுமதியாயிற்று. அதனைப் போன்றதொரு கலவையைச் செய்யும் முயற்சி 1823, 1824ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியில் வெற்றி பெற்றது. சாக்சனிப் பகுதியின் ஷ்னேபெர்க் நகரில் கைட்னர் என்பார் அதற்கு 'ஆர்கென்டான்' என்று பெயரிட்டார். பெர்லினில் ஹென்னிகர் உடன்பிறப்புகள் 'நொய்சில்பர்', அதாவது புதுவெள்ளி, என்று பெயரிட்டனர். ஆங்கிலேயர் இதனை ஜெர்மன் சில்வர் என்றழைக்க, அப்பெயரே இந்தியாவிற்கும் மலாயாவிற்கும் வந்து சேர்ந்தது. 'ஆல்பக்கா' என்பதும் இக்கலவையின் மற்றொரு வணிகப் பெயரே.

எனவே, 'ஜெர்மன் வெள்ளி' என்று நாம் கூறும்போது மூன்று வேறு பொருள்கள் ஒரே பெயரின்கீழ் வந்து நிற்கின்றன. முதலாவது, வெள்ளி கலவாத நிக்கல் கலவை. இரண்டாவது, அக்கலவையின்மேல் வெள்ளிமுலாம் பூசப்பட்ட பொருள். மூன்றாவது, ஜெர்மனியில் செய்யப்பட்ட உண்மையான வெள்ளிப் பொருள். இம்மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். பெயரைக் கொண்டு இவற்றைப் பிரித்தறிய இயலாது. முத்திரையைக் கொண்டே பிரித்தறிய வேண்டும்.

தொண்ணூறு என்னும் எண்

மின்னாற்றலைக் கொண்டு வெள்ளிமுலாம் பூசும் முறைக்கு 1840ஆம் ஆண்டில் பர்மிங்ஹாமின் எல்கிங்டன் நிறுவனத்தார் காப்புரிமை பெற்றனர். அம்முறை ஐரோப்பா முழுவதும் பரவியபின், ஒரு வினா எழுந்தது: பூசப்பட்ட வெள்ளி எவ்வளவு என்பதை வாங்குவோர் எவ்வாறு அறிவது? மேற்பூச்சின் தடிமன் கண்ணுக்குப் புலப்படாது. ஜெர்மானியத் தொழிலகங்கள் இதற்கு விடையாகப் பூசிய வெள்ளியின் எடையையே பொருளின்மீது பொறிக்கத் தொடங்கின. '90' என்னும் எண்ணின் பொருள் இதுவே.

இவ்வெண் விழுக்காடன்று, கிராம் கணக்காகும். 24 சதுர டெசிமீட்டர், அதாவது 2,400 சதுர சென்டிமீட்டர் மேற்பரப்பில் 90 கிராம் வெள்ளி படிந்துள்ளது என்பதே அதன் பொருள். இந்த 24 சதுர டெசிமீட்டர் என்பது 12 பெரிய மேசைக் கரண்டிகளும் 12 பெரிய முட்கரண்டிகளும் சேர்ந்த மேற்பரப்பாகக் கொள்ளப்பட்டது. ஆகவே, 24 உருப்படிகளுக்கு 90 கிராம். ஓர் உருப்படிக்கு 3.75 கிராம். இதனைத் தடிமனாக மாற்றினால் ஏறத்தாழ 36 மைக்ரான் ஆகும். மனிதத் தலைமயிர் ஒன்றின் தடிமனில் இது ஏறக்குறையப் பாதி எனலாம். '100' என்றிருப்பின் தடிமன் ஏறத்தாழ 40 மைக்ரான். '60' என்றிருப்பின் 24 மைக்ரான். '40' என்றிருப்பின் 16 மைக்ரான். ஃப்ளென்ஸ்புர்க் நகரின் ராபே அண்ட் பெர்க்கிங் நிறுவனம் பயன்படுத்தும் '150' என்னும் எண் ஏறத்தாழ 60 மைக்ரானைக் குறிக்கும்.

பல கரண்டிகளில் இரண்டு எண்கள் காணப்படும். '90' ஒரு வட்டத்திற்குள்ளும், '45' ஒரு சதுரத்திற்குள்ளோ சாய்சதுரத்திற்குள்ளோ அமைந்திருப்பது பெருவழக்கு. முதல் எண் மேற்கூறிய பொதுத் தரத்தைக் காட்டுகிறது. இரண்டாம் எண், அந்த வகைக் கருவி ஒரு டஜனுக்குப் பூசப்பட்ட வெள்ளியின் எடையைக் காட்டுகிறது. பெரிய கரண்டி ஒரு டஜனுக்கு 45 கிராம் என்றால் ஒன்றிற்கு 3.75 கிராம் என்பது முன்பு கண்ட கணக்கோடு பொருந்துகிறது. தேநீர்க் கரண்டி சிறியதாகையால், அதே 90 தரத்திலும் இரண்டாம் எண் 45இன் பாதியளவிற்கும் கீழே இறங்கிவிடும். இரண்டாம் எண் குறைவாக இருப்பதைக் கொண்டு தரம் குறைவு என்று கொள்ளலாகாது. பரப்பு சிறியது என்றே கொள்ள வேண்டும்.

இக்கணக்கு பாகப்பிரிவினையில் எத்தகைய வேறுபாட்டை விளைவிக்கும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். 12 கரண்டிகளும் 12 முட்கரண்டிகளும் கொண்ட ஒரு பெட்டியைக் கொள்வோம். ஒவ்வொன்றும் 70 கிராம் என்றால் மொத்த எடை 1,680 கிராம். '90' என்பதை விழுக்காடாகக் கொள்பவர் அதில் 1,512 கிராம் வெள்ளி உண்டென்று கணக்கிடுவார். உண்மையில், செய்த நாளில் அதில் இருந்த வெள்ளி 90 கிராம் மட்டுமே. கணிப்பிற்கும் உண்மைக்கும் இடையே ஏறத்தாழப் பதினேழு மடங்கு வேறுபாடு காணப்படுகிறது. மேலும், அந்த 90 கிராமும் பல்லாண்டுத் தேய்மானத்தால் குறைந்திருக்கும். அதனைப் பிரித்தெடுக்கும் செலவையும் கருத வேண்டும். அடகுக் கடைக்காரர் அப்பெட்டியை ஏற்க மறுப்பாராயின் அவர் ஏமாற்றுகிறார் என்று கருத வேண்டியதில்லை.

எண்ணூறு என்னும் எண்

இனி, மறுபக்கப் பிழையைக் காண்போம். அதே பெட்டியில் '90'க்கு மாறாக '800' என்று பொறிக்கப்பட்டிருந்தால் நிலைமை முற்றிலும் வேறாகும். இவ்வெண் ஆயிரத்தில் இத்தனை பங்கு வெள்ளி என்னும் மாற்றைக் காட்டுவது. '800' என்றால் ஆயிரத்திற்கு எண்ணூறு பங்கு. '835', '925' ஆகியனவும் இவ்வாறே. முன்பு கொண்ட 1,680 கிராம் பெட்டி '800' மாற்றுடையதாயின் அதில் 1,344 கிராம் வெள்ளி உண்டு. இதனைப் பழைய உலோகமாக நிறுத்துப் போடுவது எத்துணை பெரிய இழப்பு என்பது சொல்லாமலே விளங்கும்.

ஜெர்மானியப் பேரரசு 1884ஆம் ஆண்டில் இயற்றி 1888ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நடைமுறைப்படுத்திய சட்டத்தின்படி, 800 அல்லது அதற்கு மேற்பட்ட மாற்றுடைய வெள்ளிப் பொருளுக்குப் பிறைநிலவும் மணிமுடியும் சேர்ந்த முத்திரை உரியதாயிற்று. ஆகவே, பிறை, முடி, மாற்று எண், தயாரிப்பாளர் குறி ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்திருப்பின், அது முலாமன்று. முழு வெள்ளி என்று கொள்வதற்கு வலுவான சான்றுண்டு. முலாம் பூசிய பொருளில் பிறையும் முடியும் இடம்பெறுவதற்கு உரிமையில்லை.

1888க்கு முற்பட்ட வெள்ளிப் பொருள்களில் வேறொரு கணக்கு வழங்கியது. தூய வெள்ளியை 16 லோத் என்று கொண்டு, '12' அல்லது '13' என்று பொறித்தனர். 12 லோத் என்பது ஆயிரத்திற்கு 750. 13 லோத் என்பது ஏறத்தாழ 812. 'பத்தரை மாற்றுத் தங்கம்' என்னும் நம் வழக்கை அறிந்தோர்க்கு, அளவுகோல் மாறும்போது எண்ணும் மாறும் என்பது புதிய செய்தியன்று. எந்த அளவுகோலுக்குரிய எண் என்று அறியாமல் எண்ணைமட்டும் படிப்பதே மயக்கத்திற்குக் காரணமாகிறது. சுருங்கக் கூறின், இரண்டிலக்க எண் பெரும்பாலும் முலாமின் எடை; மூன்றிலக்க எண்ணாக 800ஐயும் அதற்கு மேற்பட்டதையும் கண்டால் வெள்ளியின் மாற்று; 100, 150 ஆகிய மூன்றிலக்க எண்களோ மீண்டும் முலாமின் எடையே.

தயாரிப்பாளர் முத்திரைகள்

எண்ணை அடுத்து நோக்க வேண்டியது பெயர் அல்லது உருவம். இங்குப் பரவலாகக் காணக்கூடிய சிலவற்றை மட்டும் கூறுவோம்.

'டபிள்யூ.எம்.எஃப்.' என்னும் மூன்று எழுத்துகள் வூர்ட்டம்பெர்க் உலோகப்பொருள் தொழிலகத்தைக் குறிக்கும். இதன் வேர் 1853ஆம் ஆண்டில் கைஸ்லிங்கன் நகரில் டேனியல் ஸ்ட்ராப் தொடங்கிய தொழிலகமாகும். 1880ஆம் ஆண்டில் எஸ்லிங்கன் நகரின் ரிட்டர் நிறுவனத்தோடு இணைந்து இப்பெயரைப் பெற்றது. இதன் பழைய முத்திரைகளில் தீக்கோழி உருவமும் இடம்பெற்றது. இந்நிறுவனத்தின் பொருளில் 'குரோமர்கான்' என்னும் சொல் காணப்பட்டால் அது துருப்பிடிக்காத எஃகு. அப்பெயர் 1927ஆம் ஆண்டு முதல் வழங்குவது. நிறுவனத்தின் புகழை நம்பி அதனை வெள்ளி என்று கொள்ளலாகாது.

'வெல்னர்' என்னும் பெயர் சாக்சனிப் பகுதியின் ஆவே நகரில் 1854ஆம் ஆண்டில் தோன்றிய தொழிலகத்தைக் குறிக்கும். யானை உருவம் இதன் முத்திரைகளுள் ஒன்று. யானையைக் கண்டவுடன் இந்தியத் தயாரிப்பு என்று எண்ணுவது இயல்பே. உடன் வரும் எண்களையும் பெயரையும் நோக்கின் உண்மை விளங்கும்.

நிற்கும் கரடியின் உருவமும் 'பெர்ன்டோர்ஃப்' என்னும் பெயரும் ஜெர்மனிக்குரியன அல்ல. ஆஸ்திரியாவின் பெர்ன்டோர்ஃப் நகரில் 1843ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தொழிலகத்திற்கு உரியன. எஸ்ஸன் நகரின் புகழ்பெற்ற குரூப் குடும்பத்தைச் சேர்ந்த ஹெர்மன் குரூப் இதன் தோற்றுநருள் ஒருவர். ஆகவே 'குரூப்' என்னும் பெயரைக் கண்டு ஜெர்மானியப் பொருள் என்று முடிவு செய்தல் பொருந்தாது. தராசு உருவம் பிரான்சின் கிறிஸ்டோஃபிள் நிறுவனத்தை நினைவூட்டுவது.

பினாங்கிலும் பட்டர்வொர்த்திலும் மிகுதியாகக் காணக்கூடியவை ஆங்கிலேயத் தயாரிப்புகளே. அவற்றில் 'இ.பி.என்.எஸ்.' என்னும் நான்கு எழுத்துகள், சிலவற்றில் தனித்தனிக் கேடயங்களுக்குள், அமைந்திருக்கும். மின்முலாம் பூசிய நிக்கல் கலவை என்பதே அவற்றின் பொருள். தனித்தனிக் கேடய அமைப்பு ஆங்கிலேய முழு வெள்ளிக்குரிய அரசு முத்திரையைப் போன்ற தோற்றத்தைத் தருகிறது. ஆங்கிலேய முழு வெள்ளியில் நடக்கும் சிங்கத்தின் உருவத்தைத் தேட வேண்டும். அஃதின்றி எழுத்துகள் மட்டும் இருப்பின் அது முலாமே.

காலத்தைக் காட்டும் சொற்கள்

முத்திரையின் மூன்றாம் கூறு நாட்டின் பெயர். 1887ஆம் ஆண்டின் பிரித்தானிய வணிகக்குறிச் சட்டம் வெளிநாட்டுப் பொருள்களில் அவை உண்டான நாட்டைக் குறிக்கச் செய்ததன் விளைவாக, 'மேட் இன் ஜெர்மனி' என்னும் தொடர் உலகெங்கும் அறிமுகமாயிற்று. ஆங்கிலத்தில் நாட்டுப்பெயர் இருப்பது, அப்பொருள் ஏற்றுமதிக்கெனச் செய்யப்பட்டது என்பதற்குத் துணைச்சான்றாகும். இரண்டாம் உலகப் போருக்குப்பின் அமெரிக்க ஆளுகைப் பகுதியைச் சுட்டும் தொடர் காணப்பட்டால் அது 1945ஐ அடுத்த சில ஆண்டுகளுக்குரியது. 'மேற்கு ஜெர்மனி' என்றிருப்பின் 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது என்று துணியலாம். சொற்கள் ஏதுமின்றி எண்ணும் பெயரும் மட்டும் இருப்பின் அது உள்நாட்டு விற்பனைக்குரியதாக இருந்திருக்கலாம். அதனை ஒருவர் தம் பயணப் பெட்டியில் கொண்டுவந்திருக்கவும் கூடும்.

கத்தியைத் தனியே நோக்க வேண்டும். கத்தியின் அலகும் பிடியும் வெவ்வேறு இடங்களில் செய்யப்படுவதுண்டு. அலகில் 'சோலிங்கன்' என்றிருப்பது அலகு செய்த நகரத்தைக் காட்டுகிறது. அது கரண்டியைச் செய்த தொழிலகத்தின் பெயரன்று. 'ரோஸ்ட்ஃபிரை' என்றால் துருப்பிடிக்காதது என்று பொருள். அத்தகைய எஃகு 1912ஆம் ஆண்டளவில்தான் ஜெர்மனியில் உருவாக்கப்பட்டது. ஆகவே, அச்சொல் பொறித்த கத்தி முதல் உலகப் போருக்கு முற்பட்ட பெட்டியில் இருப்பின், அது பின்னர்ச் சேர்க்கப்பட்டது என்றோ அலகு மாற்றப்பட்டது என்றோ கொள்ள இடமுண்டு.

உடையவர் குறியும் வாய்மொழி வரலாறும்

செய்தவரின் முத்திரை பெரும்பாலும் காம்பின் பின்புறத்தில் இருக்கும். உடையவரின் குறி காம்பின் முன்புறத்திலோ பின்புறத்தின் அகன்ற நுனியிலோ இருக்கும். விடுதி, மன்றம், கப்பல் நிறுவனம், படைப்பிரிவு ஆகியவற்றின் சின்னங்கள் இவ்விரண்டாம் வகையின. பாத்திரத்தில் பெயர் வெட்டும் வழக்கமுடைய தமிழர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும்: குடத்தில் பாட்டியின் பெயர் இருப்பதால் பாட்டி அக்குடத்தைச் செய்தார் என்று எவரும் கொள்வதில்லை.

பினாங்கிற்கும் ஜெர்மனிக்கும் இருந்த தொடர்பு சிறியதன்று. ஹாம்பர்க் வணிகர் இருவர் 1840ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தொடங்கிய பேன் மேயர் நிறுவனம் பினாங்கிலும் கிளை கொண்டிருந்தது. 1914ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் எம்டன் போர்க்கப்பல் பினாங்குத் துறைமுகத்துள் புகுந்து ருஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. இரண்டாம் உலகப் போரில், சப்பானியர் ஆட்சியின்போது, 1943 முதல் 1944 வரை ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் பினாங்கைத் தளமாகக் கொண்டிருந்தன. பட்டர்வொர்த் வான்படைத் தளம் 1941ஆம் ஆண்டில் பிரித்தானியரால் திறக்கப்பட்டு, 1958ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய வான்படையிடம் சென்று, 1988ஆம் ஆண்டில் மலேசிய வான்படையின் பொறுப்பிற்கு வந்தது.

இவ்வரலாறு அறிந்தவர்களிடையே ஒரு கதை எளிதில் உருவாகிவிடும். ஜெர்மானியக் கரண்டி ஒன்று கிடைத்தால், அது எம்டனிலிருந்து வந்தது அல்லது நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து வந்தது என்பர். முத்திரை கூறுவது, எந்தத் தொழிலகத்தில் எந்தக் கால அளவில் செய்யப்பட்டது என்பதை மட்டுமே. அது கடல் கடந்து வந்த வழியை முத்திரை கூறாது. 'மேற்கு ஜெர்மனி' என்று பொறித்த கரண்டி எந்தக் கதையோடு வந்தாலும் 1914ஆம் ஆண்டிற்கு உரியதாகாது. கதையை மறுக்கும் ஆற்றல் முத்திரைக்கு உண்டு. கதையை மெய்ப்பிக்கும் ஆற்றல் அதற்குத் தனித்து இல்லை. ஜெர்மானியக் கடற்படைக்குரிய கழுகுச் சின்னம் பொறித்த பொருள்களுக்குச் சேகரிப்போரிடையே தேவை மிகுதி. ஆகையால் பிற்காலத்தில் அச்சின்னத்தைப் பழைய கரண்டிகளில் புதிதாகப் பொறித்து விற்பதும் உண்டு. அத்தகைய குறியைக் கண்டால் ஐயத்தோடு அணுகுவதே முறை.

இதனால் வாய்மொழி வரலாறு பயனற்றது என்று கொள்ளலாகாது. அப்பெட்டி யாரிடமிருந்து, எந்த ஆண்டில், எந்தப் பணியின்போது வந்தது என்பதைக் குடும்பத்தின் மூத்தோர் மட்டுமே அறிவர். உணவுக்கூடத்தில் பரிமாறியவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாதிருக்கலாம். அவர் துடைத்து வைத்த கரண்டியும் அவர் பிள்ளைகள் கூறும் செய்தியும் சேர்ந்தே அவருடைய பணி வாழ்விற்குச் சான்றாகின்றன. ஜோர்ஜ்டவுன் 2008ஆம் ஆண்டில் உலக மரபுடைமை நகராக அறிவிக்கப்பெற்றது. அதன் கட்டடங்கள் பேணப்படுகின்றன. எதிர்க்கரையில் வாழ்ந்து உழைத்தோரின் வீட்டுப் பொருள்களைப் பதிவுசெய்யும் பொறுப்பு அவ்வவ் வீட்டாரிடமே உள்ளது.

படித்தறியும் முறை

முதலாவதாக, முத்திரையை மெருகேற்றாமல் காண வேண்டும். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் நகைக்கடைக் கண்ணாடி போதுமானது. விளக்கொளியைச் சாய்வாகப் பாய்ச்சினால் தேய்ந்த எழுத்தின் விளிம்பும் நிழலால் தெரியும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் மென்மையாகத் தேய்த்துப் படியெடுக்கலாம். கல்வெட்டுப் படியெடுக்கும் முறையின் சிற்றுருவம் இது.

இரண்டாவதாக, பெட்டியில் உள்ள ஒவ்வோர் உருப்படியையும் தனித்தனியே நோக்க வேண்டும். ஒரே வேலைப்பாடுடைய பெட்டியில் வேறு தொழிலகத்தின் உருப்படிகள் கலந்திருப்பது அரிதன்று. முலாம் கரண்டிகளுக்கிடையே '800' பொறித்த ஒன்றிரண்டு ஒளிந்திருக்கவும் கூடும்.

மூன்றாவதாக, தேய்மானத்தை நோக்க வேண்டும். கரண்டியின் குழிப்பகுதி மேசையில் படும் பின்புறத்திலும் முட்கரண்டியின் அடிப்புறத்திலும் முலாம் முதலில் தேயும். அங்கு மங்கிய மஞ்சட் சாயல் தோன்றின் அடியிலுள்ள நிக்கல் கலவை வெளிப்பட்டுள்ளது என்று பொருள். முழு வெள்ளியில் தேய்ந்தவிடமும் ஒரே நிறத்தில் இருக்கும். மறுமுலாம் பூசப்பட்ட பொருளில் முத்திரையின் பள்ளம் நிரம்பி எழுத்து மழுங்கியிருக்கும். அத்தகைய பொருளில் '90' என்னும் எண் இப்போதைய பூச்சிற்குப் பொருந்தாது.

நான்காவதாக, முத்திரை தெளிவாக இல்லையெனில் நீரில் நிறுத்துப் பார்க்கலாம். நிக்கல் கலவையின் அடர்த்தி ஏறத்தாழ 8.7, 800 மாற்று வெள்ளியின் அடர்த்தி ஏறத்தாழ 10.2. மொத்தம் 840 கிராம் எடையுள்ள 12 கரண்டிகளை நூலிற் கட்டி நீரில் முழுவதும் அமிழ்த்தி நிறுத்தால், நிக்கல் கலவையாயின் எடை ஏறத்தாழ 97 கிராம் குறையும். 800 வெள்ளியாயின் ஏறத்தாழ 82 கிராம் குறையும். ஒரே கரண்டியை நிறுப்பதைவிடப் பன்னிரண்டையும் சேர்த்து நிறுத்தால் வேறுபாடு தெளிவாகும். காந்தம் இவ்விடத்தில் உதவாது. நிக்கல் கலவையும் வெள்ளியும் இரண்டுமே காந்தத்தில் ஒட்டுவதில்லை. எஃகின்மீது முலாம் பூசிய மலிவுப் பொருளை மட்டுமே காந்தம் காட்டிக்கொடுக்கும்.

ஐந்தாவதாக, தவிர்க்க வேண்டியவை. உரைகல்லில் உரசுவதும் அமிலம் இடுவதும் அரத்தால் அராவுவதும் முலாமைக் கெடுக்கும். புளியும் சாம்பலும் பித்தளைக்கு ஏற்றவை. 36 மைக்ரான் வெள்ளிக்கு ஏற்றவையல்ல. ஒவ்வொரு தேய்ப்பும் வெள்ளியைச் சிறிது எடுத்துச் செல்வதோடு முத்திரையின் விளிம்பையும் எடுத்துச் செல்கிறது. இளஞ்சூட்டு நீரில் மென்மையான சோப்பிட்டுக் கழுவி உடனே துடைத்து வைப்பதே போதும். சிறிது கறுப்பு எஞ்சியிருப்பின் தீங்கில்லை. முத்திரையின் பள்ளத்தில் தங்கிய கறுப்பே எழுத்தைப் படிக்க உதவுகிறது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. ஜெர்மன் வெள்ளி என்னும் பெயர் மூன்று வேறு பொருள்களுக்கு வழங்குவதால் பெயரைக் கொண்டு மதிப்பிடலாகாது. '90' முதலிய எண்கள் பூசிய வெள்ளியின் கிராம் எடையையும், '800' முதலிய எண்கள் வெள்ளியின் மாற்றையும் காட்டுவன. ஒன்றை மற்றொன்றாகக் கொள்வதால் இருதிசையிலும் இழப்பு நேர்கிறது. எண், பெயர் அல்லது உருவம், நாட்டுப்பெயர், உடையவர் குறி ஆகியவற்றை இவ்வரிசையில் படித்தால் பொருளின் தன்மையும் காலமும் பெரும்பாலும் தெளிவாகும்.

பாகம் பிரிப்போர், பிரிப்பதற்குமுன் ஒவ்வோர் உருப்படியின் முத்திரையையும் ஒளிப்படமெடுத்து, அதனருகே அப்பொருள் வந்த வழியை மூத்தோர் வாய்மொழியாகக் கேட்டு எழுதி வைத்தல் நலம். முத்திரை தேய்ந்தாலும் படம் எஞ்சும். வந்த வழியைச் சொல்லக்கூடிய மூத்தோர் இருக்கும்போதே அதனைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வேறெந்தச் சான்றும் அதனைப் பின்னர் ஈடுசெய்யாது.